வெயிலும் ஒரு வெள்ளாமை

தென்மேற்குப் பருவமழை வால்பாறை மலையில் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் கொங்கு மண்ணுக்கு வருகிறது. சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, மலைக்குக் கிழக்கே சூலூர், பல்லடம், தாராபுரம் பக்கம் 600, 700 என்று சுருங்கிவிடுகிறது. மழை மறைவுப் பகுதி என்ற இந்தக் குறையைத் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்திருக்கிறோம். அதே மலையின் தயவில் கிடைக்கும் தெளிந்த வானத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. இங்கே ஒரு சதுர மீட்டர் தரையில் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெயில் விழுகிறது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் இருபதாயிரம் யூனிட். இந்த வெயிலையும் ஒரு வெள்ளாமையாக மதித்து, நிலத்துக்காரரே அதை அறுவடை செய்து விற்க வழி திறக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வெயில் இங்கே ஏற்கெனவே கூலி வாங்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. காங்கயம், வெள்ளகோவில் வட்டார உலர்களங்களுக்குப் போனால் அதைக் கண்ணால் பார்க்கலாம். மட்டை உரித்த தேங்காயை இரண்டாக உடைத்து, பருப்பு மேலே தெரியும்படி சிமென்ட் களத்தில் பரப்புகிறார்கள். இரண்டு மூன்று நாளில் பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டு விலகும். தொட்டியை நீக்கிவிட்டு மறுபடியும் காயப்போடுவார்கள். பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அரசுக் கொள்முதலுக்குப் போகும் கொப்பரையில் 6 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. அப்படியானால் ஒரு டன் கொப்பரை கிடைக்கச் சுமார் 880 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்குக் குறைந்தது 550 யூனிட் வெப்பம் பிடிக்கும். விறகுக்கோ மின்சாரத்துக்கோ போயிருக்க வேண்டிய அந்தப் பணம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. வெயில் தவறும்போதுதான் அதன் விலை தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருப்பில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதைத் தடுக்கச் சிலர் கந்தகப் புகை போடுகிறார்கள். சரக்கின் தரமும் விலையும் இறங்குகின்றன. கொப்பரை மட்டுமல்ல, ஈரோட்டு மஞ்சளும் வேகவைத்துக் களத்தில் காய்ந்த பிறகுதான் மண்டிக்குப் போகிறது.

கொப்பரைக் களத்தில் வெயில் செய்யும் இந்த வேலை கிணற்றடியில் நடக்கவில்லை. 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவின் பீளமேட்டுத் தொழிற்கூடத்தில் மோட்டார் உருவானது. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் பம்ப்செட் இறங்கியது. நாட்டின் பம்புகளில் ஏறக்குறைய பாதியைச் செய்யும் ஊராகக் கோவை வளர்ந்தது. தண்ணீரோ கீழே கீழே போய், இன்று ஆயிரம் அடி தாண்டிய போர்வெல் இங்கே யாருக்கும் வியப்பில்லை. அத்தனை ஆழத்திலிருந்து இறைக்க மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் மின்பாதை ஒன்று இருக்கிறது. 6,000 மெகாவாட் சுமக்கக்கூடியது. இங்கே காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது வடக்கே அனுப்பவும் அது பயன்படும் என்பது உண்மைதான். ஆனாலும் அது முதன்மையாக அமைக்கப்பட்டது அங்குள்ள நிலக்கரி மின்சாரத்தை இங்கே கொண்டுவரத்தான். இப்படிப்பட்ட உயர்மின் கோபுரங்கள் தங்கள் தோட்டத்தில் நிற்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் தொடர் போராட்டம் நடத்தினார்கள். வெயில் காயும் தோட்டத்தின் தலைக்கு மேலே, எங்கோ எரிந்த கரியின் மின்சாரம் போகிறது. இந்த ஏற்பாட்டை மாற்றியே ஆக வேண்டும்.

சூரிய பம்ப்செட்டுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவில் பாதிக்கு மேல் மானியம் தருகின்றன. 2019-ல் வந்த பி.எம்.குசும் திட்டத்தின் வழி அது. இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது: வெயில் இலவசம் என்றால் விவசாயி பகல் முழுக்க இறைப்பார், மிச்சமிருக்கும் நிலத்தடி நீரும் தீர்ந்துவிடும். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்றைய நிலைமையும் அதைவிட மேலாக இல்லை. மும்முனை மின்சாரம் முறை வைத்து வருவதால், தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். கரன்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடுகிறது, பயிருக்குத் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும். மின்சாரம் இலவசமாகவே கிடைக்கும்போது, இறைக்காமல் இருப்பதால் ஒரு ரூபாய்கூட லாபமில்லாதவரிடம் சிக்கனத்தை எப்படி எதிர்பார்ப்பது? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊர் இதற்கு 2016-லேயே வழி காட்டியது. சூரிய பம்ப் வைத்த விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். இறைக்காத தண்ணீருக்கு அங்கே ஒரு விலை கிடைத்தது. பத்து குதிரைத்திறன் மோட்டாருக்கு வேண்டிய சூரியப் பலகைகள் நல்ல வெயிலில் நாளுக்கு 40 யூனிட் தரும். ஆண்டில் 150 நாள் மோட்டார் நின்றாலே 6,000 யூனிட். யூனிட்டுக்கு நான்கு ரூபாய் என்றால் 24,000 ரூபாய். இரண்டு ரூபாய் கொடுத்தால் இந்தத் திட்டம் தோற்கும். விவசாயி பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விற்கப் போய்விடுவார். ஆகவே விலைதான் இதன் உயிர்நாடி.

இன்னொரு தயக்கம் பணத்தைவிட ஆழமானது. விற்பதை அளக்க மீட்டர் மாட்டினால் இலவச மின்சாரம் போய்விடும் என்ற பயம். இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவோர் வரலாறு அறியாதவர்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் பலியானார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு கட்டியெழுப்பிய இயக்கத்தின் நெடிய போராட்டத்துக்குப் பிறகே 1990-ல் விவசாய மின்சாரம் முழுக்க இலவசமானது. உயிர் கொடுத்து வாங்கிய உரிமையை எடுக்காமல் அதன்மேல் விற்கும் உரிமையைச் சேர்க்க வேண்டும். மீட்டர் வெளியே போகும் மின்சாரத்தை மட்டும் அளக்கட்டும். இதை வாய்மொழியாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அரசாணையில் இருக்க வேண்டும்.

இரவில் வெயில் இல்லை, மழைக்காலத்தில் மேகம் என்பார்கள். மூன்று ஷிப்ட் ஓடும் மில்லுக்கு இது பெரிய கேள்விதான். பாசனத்துக்கு அவ்வளவு இல்லை. வெயில் ஏறும் நாளில்தான் பயிருக்குத் தாகம். மழை நாளில் மோட்டாருக்கு ஓய்வு. ஆடியில் மேகம் மூடினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கேத்தனூர், உடுமலைக் காற்றாலைகள் சுற்றும். நிலம் வீணாகும் என்பதும் பெரிய தடையில்லை. பத்து குதிரைத்திறனுக்கு இரண்டரை சென்ட் போதும். பலகைகளை ஆளுயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டினால் கீழே ஆட்டுப்பட்டிக்கு நிழலாகும். தண்ணீர் மிகவும் கீழே போய்விட்ட சூலூர், சுல்தான்பேட்டை வட்டாரங்களில் ஒரே பீடரில் இருக்கும் தோட்டங்களைச் சேர்த்து இந்த மின் விற்பனையைத் தொடங்கலாம். மூன்று கோடைக்குப் பின் அங்குள்ள போர்வெல்களின் நீர்மட்டத்தையும், விற்ற யூனிட்டுகளையும் அருகருகே வைத்து ஊர் மக்கள் முன்னிலையில் கணக்குக் காட்ட வேண்டும்.