குதிரைக்குப் புதுப் பின்னங்கால்

அமெரிக்காவில் பழைய வண்டிக் கிடங்குகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஒன்றிரண்டு டாலர் கொடுத்துவிட்டுச் சொந்த ஸ்பேனரோடு உள்ளே போகலாம். வேண்டிய பாகத்தை நாமே கழற்றி எடுத்துவந்து, வெளியே போகும்போது அதற்குக் காசு கட்ட வேண்டும். அங்கே 1995-க்கும் 2001-க்கும் இடைப்பட்ட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றின் பின்பக்கத்துக்கு அடியில் யாராவது மல்லாந்து படுத்திருந்தால், அவர் தேடுவது பெரும்பாலும் ஒரு சின்னத் தகர வில்லையைத்தான். டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் அது மாட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்ததும் ‘3L73’ என்று தெரிந்தால் மனிதர் முகம் மலர்ந்துவிடும். நடுவில் அந்த L இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். வில்லையே உதிர்ந்துபோயிருந்தால் ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் ‘D4’ என்ற குறி இருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்தப் பின் அச்சு போய்ச் சேரப்போகும் இடம், எக்ஸ்ப்ளோரரைவிட 30 வயது மூத்த ஒரு ஃபோர்டு மஸ்டாங்.

1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் அறிமுகமானது. முதல் 12 மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் கணிசமானோர் எடுத்தது மலிவான ஆறு சிலிண்டர் வண்டியை. அதன் பின் அச்சு ஒல்லியானது. சக்கரத்துக்கு நான்கே போல்ட். நான்கு பக்கமும் டிரம் பிரேக். குடும்பத்தோடு கடைக்குப் போய்வர அது போதும். இன்றைய உரிமையாளரோ அதில் பெரிய வி8 இன்ஜினைப் பொருத்திவிட்டு, சிக்னலில் பச்சை விழுந்ததும் காலை அழுத்துகிறார். முதலில் முறிவது பின்பக்கம்.

இதற்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது: 1957 முதல் 1986 வரை ஃபோர்டு தயாரித்த ‘9 அங்குல’ அச்சு. எல்லாரும் அதையே தேடித் தேடி விலையை ஏற்றிவிட்டார்கள். எக்ஸ்ப்ளோரரின் ‘8.8’ அப்படியில்லை. உச்ச காலத்தில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி அது. 2009-இல் பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசு வாங்க அமெரிக்க அரசு மானியம் தந்தபோது, மக்கள் அதிகம் கொண்டுவந்து ஒப்படைத்தவற்றில் எக்ஸ்ப்ளோரர் முன்னணியில் இருந்தது. அந்த இன்ஜின்கள் மறுபடி ஓடக் கூடாது என்று சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு இறுக வைத்தார்கள். பின் அச்சைத் தனியாகக் கழற்றி விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. சில நூறு டாலருக்கு இன்றும் அது கிடைக்க இந்த ஏராளம்தான் காரணம்.

அந்த வில்லைக்கு வருவோம். 3.73 என்பது பல் கணக்கு. இன்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் 11 பல் கொண்ட பினியன். அது சுழற்றுவது 41 பல் கொண்ட பெரிய வளையத்தை. நம் பட்டறைகளில் கிரவுன் என்பார்களே, அதேதான். 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. 8.8 என்பது கிரவுனின் விட்டம், அங்குலத்தில்.

பழைய வி8 மஸ்டாங்குகள் பலவற்றில் இந்த விகிதம் 2.80. அதை 3.73 ஆக்கினால் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். சும்மா கிடைக்காது. 25 அங்குல டயரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது 2,340 சுற்றில் முனகிக்கொண்டிருந்த இன்ஜின், இனி 3,100-ஐத் தாண்டிக் கத்தும். வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். அது வேகத்தை எடுப்பது கியர்பெட்டியின் வெளிமுனையிலிருந்து; நீங்கள் 75-இல் போகும்போதே 100 என்று காட்டும். அங்கே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

L என்ற எழுத்தின் கதை இன்னும் பழையது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு வழிவிடும் டிஃபரன்ஷியலை 1828-இல் பிரெஞ்சுக்காரர் ஒனேசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காக உருவாக்கினார். அருமையான யோசனை, ஒரு குறையைத் தவிர: ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் இன்னொன்றுக்கும் அதே அற்ப விசைதான் போகும். L குறியுள்ள அச்சுக்குள் கிளட்ச் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒரு பக்கம் வீணாகச் சுழல முயலும்போது அவை உராய்ந்து அதை இழுத்துப் பிடித்து, மறுபக்கத்துக்கும் பங்கு கொடுக்கும்.

எக்ஸ்ப்ளோரர் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையில் 31 பள்ளங்கள். பழைய வி8 மஸ்டாங்கின் 8 அங்குல அச்சில் 28 தான். மூன்று பள்ளத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்கலாம். பள்ளம் கூடினால் தண்டும் தடிக்கும்; அதன் முறுக்குவலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். பத்து சதவீதம் தடித்தால் 33 சதவீதம் கூடுதல் வலிமை.

இத்தனையும் சேர்ந்து வரும் பொருள், ஆனால், அளவுக்குப் பொருந்தாது. எக்ஸ்ப்ளோரர் அச்சின் அகலம் சுமார் 59.5 அங்குலம், 1965 மஸ்டாங்குக்குத் தேவை 57-ஐ ஒட்டி. போதாததற்குப் பினியன் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இடக்குழாய் வலதைவிட ஏறத்தாழ 3 அங்குலம் நீளம். இந்தக் கோணலே வரமாக அமைந்ததுதான் வேடிக்கை. நீளமான குழாயில் அந்த 3 அங்குலத்தை நறுக்கி ஒட்டவைத்தால் அகலமும் சரியாகும், பினியனும் நடுவுக்கு வரும். குட்டையான புதுத் தண்டைக் கடைந்து வாங்க வேண்டியதில்லை. இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்கத் தண்டை உருவிவந்து இடப்பக்கம் செருகிவிடலாம். இதை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

தண்டை உருவுவதற்காக டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பினியனும் கிரவுனும் ஒன்றோடொன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும் என்பதால் கந்தகச் சேர்மங்கள் கலந்த எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

மலிவு என்ற சொல் இங்கே முடிகிறது. வெல்டிங் வைத்த இடம் ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போனால் குழாய் வாழைக்காய்போல் வளையும். பேரிங்குகளின் துளைகளுக்கு நடுவே நேரான இரும்புத் தண்டு ஒன்றைச் செருகிவைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைப் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

அதைவிட நுட்பமானது பினியனின் மூக்கு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது. நீண்ட தண்டின் இரு முனையிலும் கிராஸ் மூட்டுகள் இருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே மூட்டு. கோணத்தில் வளைந்து சுழலும்போது அதன் வெளிமுனை சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். கியர்பெட்டித் தண்டும் பினியனும் இணையாக இருந்தால் முன்மூட்டின் தடுமாற்றத்தைப் பின்மூட்டு அழித்துவிடும். இல்லையென்றால் வேகம் ஏற ஏற வண்டியே அதிரும்.

இன்னொரு சிக்கல், இந்த அச்சு நிற்பது பட்டை ஸ்பிரிங் மேல். சக்கரத்தை முன்னே சுழற்றும் விசைக்கு எதிர்வினையாக அச்சு தன் மூக்கை மேலே தூக்கும், பட்டைகள் முறுகும். அதனால் ஓரிரு டிகிரி கீழே தாழ்த்தியே வைக்கிறார்கள். எக்ஸ்ப்ளோரரின் ஸ்பிரிங் தாங்கிகளைக் கிரைண்டரால் அறுத்தெறிந்து, புதியவற்றை முதலில் பொட்டு வெல்டிங்கில் நிறுத்த வேண்டும். வண்டியின் முழு எடையும் நான்கு சக்கரத்தில் இறங்கிய பிறகே கோணமானியை வைத்துப் பார்த்து, முழுதாக ஒட்ட வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது அளந்தவர்கள் எல்லாவற்றையும் மறுபடி அறுத்திருக்கிறார்கள்.

எக்ஸ்ப்ளோரர் அச்சோடு டிஸ்க் பிரேக்கும் வருகிறது. ஆனால் 1966 வரையான மஸ்டாங்கில் பிரேக் திரவத்துக்கு ஒரே அறைதான். எங்கே ஒழுகினாலும் நான்கும் போச்சு. ஆகவே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும், பின்சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வும் பட்டியலில் சேரும்.

சக்கர போல்ட்டில் மட்டும் ஒரு நிம்மதி. எக்ஸ்ப்ளோரரின் ஐந்து போல்ட்டும் நிற்கும் 4.5 அங்குல வட்டம், 1964-இன் வி8 மஸ்டாங்கில் இருந்த அதே வட்டம். ஆறு சிலிண்டர் வண்டிக்காரருக்கு அந்த நிம்மதியும் இல்லை. பின்னால் ஐந்து, முன்னால் நான்கு. முன்பக்கத்தையும் மாற்றப் பணம் சேரும்வரை டிக்கியில் அவர் இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொண்டுதான் அலைய வேண்டும்.