கண்ணாடிக் கலமும் செய்தோர் பெயரும்

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தை 1837 முதல் 1901 வரை ஆண்டார். அக்காலத்தில் செய்யப்பட்ட பூச்சாடிகளும் கிண்ணங்களும் பிற அழகுக் கலங்களும் இன்றும் பொருட்காட்சிச் சாலைகளிலும் இல்லங்களிலும் போற்றி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றில் செய்தவர் பெயர் இல்லை. பெயரில்லாக் கலத்தைச் செய்தவர் யாவர் என அறிவது எங்ஙனம்? கலத்தையே நுணுகி ஆராய்ந்து, அதில் காணும் சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறிதல் வேண்டும்.

முதற்கண் நோக்கத்தக்கது, கலம் உருவான முறையாகும். உருகிய கண்ணாடியைக் குழலின் நுனியில் எடுத்து ஊதிச் செய்வது ஒரு முறை. அவ்வாறு செய்த கலத்தைத் தாங்கிய இரும்புக் கோலினைப் பிரித்த வடு, கலத்தின் அடியில் காணப்படலாம். அது தேய்த்து மெருகிடப்பட்டிருத்தலும் உண்டு. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் இட்டு அழுத்திச் செய்வது மற்றொரு முறை. அக்கலங்களில் அச்சின் பகுதிகள் பொருந்திய இடத்தில் மெல்லிய கோடு தோன்றும். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கேட்ஸ்ஹெட், சண்டர்லாந்து நகரங்கள் அச்சுக் கலங்களுக்குப் புகழ் பெற்றவை. ஸ்டூர்பிரிட்ஜ் வட்டாரமோ, ஊதியும் செதுக்கியும் செய்த கலங்களுக்குப் புகழ் பெற்றது.

அச்சுக் கலங்கள் சிலவற்றில் ஆலையின் முத்திரை உண்டு. கேட்ஸ்ஹெட் நகரத்துச் சோவர்பி நிறுவனம் 1876-இல் மயிலின் தலையைத் தன் முத்திரையாகப் பதிவு செய்தது. அந்நகரத்து டேவிட்சன் நிறுவனத்தின் முத்திரையில் சிங்கம் ஒன்று மதில் போன்ற வடிவினின்று எழுந்து நிற்கும். சண்டர்லாந்து நகரத்துக் கிரீனர் நிறுவனத்தின் சிங்கமோ விண்மீனை ஏந்தி நிற்கும். பின்னாளில் அது கோடரியை ஏந்தியது. இவ்வேறுபாட்டை அறியாதவர் ஒருவர் வினையை மற்றொருவர்க்கு உரியதாக்கி விடுவர்.

முத்திரையேயன்றிப் பதிவுக் குறியும் துணை செய்யும். 1842 முதல் 1883 வரை, பதிவு செய்த வடிவங்களுக்குச் சாய்சதுரக் குறி வழங்கியது. அதன் உச்சியிலுள்ள வட்டத்தில் மூன்று என்னும் ரோமானிய எண் இருப்பின், அது கண்ணாடி வகையைக் குறிக்கும். வட்டத்தின் கீழுள்ள மேல்மூலையில் எழுத்து இருப்பின் பதிவு 1867-க்கு உட்பட்டது. எண் இருப்பின் 1868-ஐயோ அதற்குப் பிற்பட்ட காலத்தையோ சேர்ந்தது. 1884 முதல் இக்குறி நீங்கி, வரிசை எண் வழக்கிற்கு வந்தது. இலண்டன் மாநகரில் கியூ என்னுமிடத்துள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவேடுகள் காக்கப்படுகின்றன. அவற்றைப் புரட்டினால் வடிவத்தைப் பதிவு செய்தவர் பெயர் கிடைக்கும்.

எனினும், அக்குறி வடிவம் பதிவான நாளைக் கூறுமேயன்றிக் கலம் செய்த நாளைக் கூறாது. ஓர் அச்சு பல்லாண்டுகள் பயன்படும், கைம்மாறுதலும் உண்டு. டேவிட்சன் நிறுவனம் பிற ஆலைகளின் அச்சுகளை விலைக்கு வாங்கியது.

நிறமும் சில வேளை மயக்கம் தரும். மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் 'பர்மீஸ்' கண்ணாடிக்கு அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் நிறுவனம் 1885-இல் காப்புரிமை பெற்றது. அதன் இசைவுடன், ஸ்டூர்பிரிட்ஜ் வட்டாரத்துத் தாமஸ் வெப் நிறுவனமும் 1886 முதல் அதனைச் செய்தது. அக்கண்ணாடியில் யுரேனியம் கலந்திருத்தலால், புறஊதா ஒளியில் அது பச்சையாக ஒளிரும். ஆனால், இரு நிறுவனத்தார் கலங்களும் ஒளிரும் அன்றோ? ஒளி பொருளைக் காட்டும், செய்தவரைக் காட்டாது. ஆகவே வடிவம், ஓவியம், முத்திரை ஆகிய அனைத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

பிழையான பெயர் சூட்டுவது சிறு குற்றமன்று. அது, வாங்குவோரை ஏமாற்றுவதோடு, உலையின் வெம்மையில் நின்று உழைத்தவர்க்குரிய புகழையும் பறிப்பதாகும். சான்று உள்ளவிடத்துத் துணிந்து கூறுதலும், சான்று இல்லாதவிடத்து 'அறிய இயலவில்லை' என்று ஒப்புதலும் ஆராய்வார் கடமை. பெயர் அறியப்படாத கலமும் தன்னைச் செய்தவரின் கைத்திறனைக் காட்டியே நிற்கின்றது.