உத்திரமேரூரில் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியத்தில் அடங்கிய 73 கிராம ஊராட்சிகளின் வாக்காளர்கள் 2021 அக்டோபரில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஆளுக்கு நான்கு வாக்குச் சீட்டுகளைப் பெற்றனர். வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டும், ஊராட்சி மன்றத் தலைவருக்கு இளஞ்சிவப்பு நிறச் சீட்டும், ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை நிறச் சீட்டும், மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினருக்கு மஞ்சள் நிறச் சீட்டும் வழங்கப்பட்டன. ஆனால் இந்த 73 ஊராட்சிகளுக்கும் பொதுவான சாலைகள், தொடக்கப் பள்ளிக் கட்டடங்கள், சிறு நீர்நிலைகள் ஆகியவற்றுக்கான பணத்தைப் பங்கிடும் ஒன்றியக் குழுவின் தலைவரை, அதாவது மக்கள் வழக்கில் சேர்மனை, தேர்ந்தெடுப்பதற்கு எந்த நிறத்திலும் ஒரு சீட்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தல் அக்டோபர் 22 அன்று, வெற்றி பெற்ற உறுப்பினர்களுக்குள்ளேயே நடந்து முடிந்தது. மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, உறுப்பினர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் இம்முறைக்கே மறைமுகத் தேர்தல் என்று பெயர்.

இதே கேள்வி பேரளவில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் நாடு அமெரிக்கா. அந்நாட்டின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டப்படி மக்கள் அல்லர். மாநிலவாரியாக அமைக்கப்படும் 538 தேர்வாளர்கள் கொண்ட குழுவே அவரைத் தேர்ந்தெடுக்கிறது. 270 தேர்வாளர்களின் வாக்கைப் பெற்றவர் வெல்கிறார். மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரு மாநிலங்கள் நீங்கலாக மற்ற 48 மாநிலங்களிலும் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் போய்ச் சேர்வதால், நாடு முழுவதிலும் குறைவான வாக்குப் பெற்றவர் தலைவராகிவிட முடியும். 2000ஆம் ஆண்டில் அல் கோர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும், 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும் கூடுதலாகப் பெற்றும் தோற்றது இவ்வாறுதான். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங் மாநிலத்துக்கு மூன்று தேர்வாளர்கள் உண்டு; ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54 பேர்தான். வயோமிங்கில் இரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு ஒரு தேர்வாளர் என்றால், கலிபோர்னியாவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவர் என்பது கணக்கு.

இதை மாற்றி மக்களின் நேரடி வாக்கைக் கொண்டுவரும் அரசியலமைப்புத் திருத்தம் 1969இல் அந்நாட்டின் கீழவையில் பெரும் ஆதரவுடன் நிறைவேறி, அடுத்த ஆண்டு மேலவையில் முடங்கிப்போனது. அதன்பின் வேறொரு வழி தேடப்பட்டது. தேசிய அளவில் அதிக வாக்குப் பெற்றவருக்கே தம் தேர்வாளர்களை அளிப்பதென மாநிலங்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வதும், அவ்வாறு இணைந்த மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை 270ஐத் தொடும்போது அது நடைமுறைக்கு வருவதும் அந்த வழி. 2007இல் மேரிலாந்து தொடங்கிவைத்த இந்த ஒப்பந்தத்தில் 2024 வரை 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் இணைந்து 209 தேர்வாளர்களை எட்டியிருந்தன.

அமெரிக்கத் தேர்வாளருக்கும் உத்திரமேரூர் ஒன்றியக் குழு உறுப்பினருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு, அது உத்திரமேரூர் வாக்காளருக்குப் பாதகமானது. அமெரிக்கத் தேர்வாளர் யாருக்கு வாக்களிப்பார் என்பது மக்கள் வாக்களிக்கும்போதே தெரிந்திருக்கும். வாக்குறுதியை மீறுபவரை மாநிலங்கள் தண்டிக்கலாம் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் தேர்ந்தெடுக்கப்படும் ஒன்றியக் குழு உறுப்பினரோ, தலைவர் தேர்தலில் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பது குறித்துத் தம் வாக்காளருக்குச் சட்டப்படி எவ்விதத்திலும் கட்டுப்பட்டவர் அல்லர். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளாட்சி உறுப்பினர்களுக்காகக் கேரளம் 1999இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2021இல் வாக்கு எண்ணிக்கை அக்டோபர் 12 அன்று நடந்தது, தலைவர் தேர்தல் 22 அன்று நடந்தது. இடைப்பட்ட பத்து நாட்கள்தான் மறைமுகத் தேர்தலின் நோய் வளரும் காலம். வெற்றி பெற்ற உறுப்பினர்களை வெளியூர் விடுதிகளில் தங்கவைத்து, வாக்களிக்கும் நாளில் வாகனத்தில் அழைத்துவரும் வழக்கம் தமிழ்நாட்டு உள்ளாட்சி அரசியலை அறிந்த எவருக்கும் புதிதன்று. ஒரு பதவியை முடிவு செய்பவர்கள் ஓர் அறைக்குள் அடங்கும் அளவுக்குச் சிலராக இருக்கும்போது, அவர்களை வளைப்பது எளிது என்பதே இதற்குக் காரணம்.

வியப்பு என்னவெனில், இந்த ஆபத்தை மிகத் தெளிவாக உணர்ந்து அதற்கு மருந்து தேடிய ஆவணம் உத்திரமேரூரிலேயே, வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில், ஆயிரத்து நூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. வாரியம் என்பது ஒரு குறிப்பிட்ட பணிக்கென ஓராண்டுக்கு அமைக்கப்படும் குழு. ஊர் முப்பது குடும்புகளாக, இன்றைய சொல்லில் வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பின் பெயரைத் தாங்கிய வாயோலையுடன் கட்டாகக் கட்டப்பட்டு, குடத்தில் இடப்பட்டன. இளைஞரும் முதியோருமாகச் சபையார் அனைவரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரில், அதாவது அர்ச்சகரில், மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திக் காட்டினார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஒரு கட்டை எடுக்க, அக்கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்தான். அந்த ஓலையை மத்தியஸ்தன் எனப்பட்ட நடுவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசித்தார். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதை வாசித்தனர். இவ்வாறு முப்பது குடும்புகளுக்கும் முப்பது பெயர்கள் கிடைத்தன. அவர்களிலிருந்து சம்வத்சர வாரியம் எனப்பட்ட ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியே ஓலை எடுக்கப்பட்டது. பதவிக்காலம் 360 நாட்கள்.

இந்த நடைமுறையின் ஒவ்வோர் அசைவிலும் ஓர் ஐயம் ஒளிந்திருக்கிறது. சிறுவனுக்கு விவரம் தெரியக்கூடாது என்பதும், நடுவரின் விரல்கள் மூடியிருக்கக்கூடாது என்பதும், ஒருவர் வாசித்ததை மற்றவர்களும் வாசிக்க வேண்டும் என்பதும், மனிதர் இடையில் புகுந்து முடிவை மாற்றிவிடுவர் என்ற முன்னறிவிலிருந்து பிறந்த விதிகள். தகுதி விதிகளும் அவ்வாறே அமைந்தன. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். 919இல் வகுத்த விதிகள் போதவில்லை என்று கண்டு இரண்டே ஆண்டுகளில் அவற்றைத் திருத்தி, 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பை 35 முதல் 70 வரை என்று மாற்றியதும், தேர்தல் விதி என்பது பட்டறிவால் திருந்த வேண்டியது என்ற எண்ணம் அச்சபைக்கு இருந்ததையே காட்டுகிறது. இத்தாலியின் வெனிஸ் நகரம் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் திருவுளச் சீட்டையும் வாக்கையும் மாறிமாறிக் கலந்த சிக்கலான முறையை 1268இல் மேற்கொண்டபோது, அதன் நோக்கமும் செல்வக் குடும்பங்களின் பிடியைத் தளர்த்துவதுதான். அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே பாலாற்றுக்குத் தெற்கே ஒரு சதுர்வேதிமங்கலம் இதைச் செய்திருக்கிறது.

சதுர்வேதிமங்கலம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆண்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் சென்றன. ஒரு வேதத்தையும் பாடியம் எனப்படும் உரை நூல் ஒன்றையும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்பதே அதில் இருந்த ஒரே தளர்வு. பெண்களும், உழுதவர்களும், ஏரி வெட்டியவர்களும் அந்த முறைக்கு வெளியே நின்றனர். ஆகவே அதை மக்களாட்சி என்று மேடைகளில் முழங்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. அக்கல்வெட்டிலிருந்து இன்றைய காலம் எடுத்துக்கொள்ளத்தக்கது, தேர்வுக்கும் முடிவுக்கும் இடையே பேரம் பேச இடைவெளி விடலாகாது என்ற எச்சரிக்கையே.

அந்த இடைவெளியை இன்று சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் சேர்ந்த 243சி பிரிவு, கிராம ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. அதனால் தமிழ்நாட்டில் அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் இடைநிலையிலும் மாவட்ட நிலையிலும் தலைவரை உறுப்பினர்களே தமக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதே பிரிவு கட்டாயப்படுத்துகிறது. நகரங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 243ஆர் பிரிவு அதை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டிருக்கிறது. அந்த உரிமையைத் தமிழ்நாடு பயன்படுத்திய விதம் வருத்தத்துக்குரியது. சென்னை மேயரை 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தனர். 2011இல் மீண்டும் மக்கள் தேர்ந்தெடுத்தனர். அதன்பின் சட்டம் மேலும் சில முறை மாறி, 2019இன் அவசரச் சட்டத்தால் மறைமுகத் தேர்தலுக்கே திரும்பியது. 2022 மார்ச்சில் உத்திரமேரூர் பேரூராட்சித் தலைவரும், புதிதாக மாநகராட்சியான காஞ்சிபுரத்தின் முதல் மேயரும் அவ்வாறே கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இரு பெரும் கட்சிகளின் ஆட்சியிலும் இந்த மாற்றங்கள் நடந்துள்ளன. எந்த முறை மக்களுக்கு நல்லது என்ற கேள்வியைவிட, அந்தந்த நேரத்தில் எது கைகொடுக்கும் என்ற கணக்கே முன்னின்றது என்று கருதாமல் இருக்க இயலவில்லை.

மறைமுகத் தேர்தல் எல்லா இடத்திலும் தவறு என்பதும் சரியன்று. இந்தியக் குடியரசுத் தலைவரையும் ஒரு தேர்வாளர் குழுவே தேர்ந்தெடுக்கிறது. நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அதில் அடங்குவர். 1971ஆம் ஆண்டின் மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு, உத்திரமேரூர் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு 176 என்றும், உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்குக்கு 208 என்றும் மதிப்பு அளிக்கப்படுகிறது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் கே.டி. ஷா நேரடித் தேர்தலை வற்புறுத்தினார்; ஆனால் உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கையில் பெயரளவுத் தலைவருக்காக நாடு முழுவதும் தேர்தல் நடத்துவது பொருந்தாது என்று நேரு வாதிட்டார். அந்த வாதம் வலுவானது. அதையே திருப்பிப் பார்த்தால், அதிகாரமும் பணமும் உள்ள பதவிக்கு நேரடித் தேர்தலே பொருந்தும் என்ற முடிவு கிடைக்கிறது. இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று. 1982 முதல் அங்கே நிறைவேற்று அதிகாரமுள்ள குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்து வருகின்றனர். யாழ்ப்பாணத்து வாக்கும் அம்பாந்தோட்டை வாக்கும் ஒரே மதிப்புடையவை. ஆனால் 2022 ஜூலையில் பதவி இடையில் காலியானபோது நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய கட்சிக்கு அந்த அவையில் இருந்தது ஒரே ஓர் இடம். 2024இல் மக்களிடம் சென்றபோது அவர் மூன்றாம் இடம் பெற்றார்.

நேரடித் தேர்தலுக்கு எதிரான வாதங்களில் கனமானது, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரும் குழுவின் பெரும்பான்மையும் எதிரெதிராக நின்றால் பணி முடங்கும் என்பது. கிராம ஊராட்சிகளில் இது காணக்கூடியதே: ஊராட்சிக் காசோலையில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரும், வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டியிருப்பதால், இருவரும் பிணங்கினால் தெருவிளக்குக்கும் பணம் நகர்வதில்லை. ஆனால் மறைமுகத் தேர்தல் இணக்கத்துக்கு உறுதியளிக்கவில்லை என்பதைக் காஞ்சிபுரம் மாநகராட்சியே காட்டியது. கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் மீது 2024 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, கவுன்சிலர்கள் கூட்டத்துக்கு வராததால் அது கைவிடப்பட்டது. நேரடித் தேர்தல் சாதியை வென்றுவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை ஏற்க மறுத்து, 2006 வரை தேர்தலையே நடக்கவிடாமல் தடுத்ததும் நேரடித் தேர்தல் காலத்தில்தான். ஆயினும் ஆயிரக்கணக்கான வாக்காளரை வளைப்பது, விடுதியில் அடைக்கத்தக்க சிலரை வளைப்பதைவிடக் கடினம். அப்படியே வளைக்க முயன்றாலும் அது ஊரறிய நடக்கும்.

2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு முடிவதாகும். ஒன்றியத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டுமானால் 243சி பிரிவைத் திருத்த வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. பேரூராட்சித் தலைவருக்கும் மேயருக்கும் அந்தத் தடைகூட இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்தால், ஒரே நாளில் அதைச் செய்யலாம். அதைச் செய்வதோடு, இனி எந்த ஆட்சி வந்தாலும் தேர்தலுக்குத் தேர்தல் முறையை மாற்றுவதில்லை என்று எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் உத்திரமேரூர் வாக்காளர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த ஒப்புதலைத்தான்.