மைக்ரோசாஃப்ட் பங்கு தாக்குப்பிடிக்குமா?

"ஏஐ வந்தாச்சு, இனி மைக்ரோசாஃப்ட் பங்கு தாங்குமா?" என்று கேட்கிறார்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன: கம்பெனி தாங்குமா? பங்கு விலை தாங்குமா?

1999 டிசம்பரில் தொட்ட உச்சத்தை அந்தப் பங்கு தாண்டியது 2016 அக்டோபரில்தான். கிட்டத்தட்ட 17 வருஷம்! இத்தனைக்கும் 2000 நிதியாண்டில் சுமார் 2,300 கோடி டாலராக இருந்த வருவாய், 2013-இல் 7,700 கோடியைத் தாண்டிவிட்டது. 2007-இல் ஐபோன் வந்தபின் மொபைலில் தோற்றார்கள், உண்மைதான். ஆனால் விண்டோஸும் ஆஃபீஸும் காசைக் கொட்டிக்கொண்டே இருந்தன. 2010-இல் வந்த அஸூர் அடுத்த வளர்ச்சிக்கு வழி போட்டது.

அப்புறம் ஏன் பங்கு ஏறவில்லை? வரப்போகும் வளர்ச்சிக்கும் சேர்த்து 1999-லேயே விலை கொடுத்துவிட்டார்கள்.

ஏஐ சவாலையும் கம்பெனி சமாளித்துவிடலாம். ஆனால் நாம் என்ன விலைக்கு வாங்குகிறோம்? அதைத்தான் முதலில் பார்க்கணும்.