பயிற்சிக்குப் பஞ்சமில்லை, வழிகாட்டி எங்கே?

புது தில்லி: திருப்பதியில் 2015-ஆம் ஆண்டு ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டபோது அதற்குச் சொந்த வளாகம் இல்லை. ஐ.ஐ.டி. சட்டத்தின் கீழ் அது கொண்டுவரப்பட்டதே 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலம்தான். தொடக்க காலத்தில் அதைக் கைப்பிடித்து நடத்தும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. "வழிகாட்டி நிறுவனம்" என்பது அரசு அந்தப் பொறுப்புக்கு இட்ட பெயர். அதே ஆண்டு திருப்பதிக்கு வந்த ஐசருக்குப் புணே ஐசர் வழிகாட்டியது.

நிறுவனத்துக்கே ஒரு மூத்தவரின் துணை தேவைப்பட்டது. அந்த நிறுவனத்தில் சேர விரும்பிப் பலமனேரிலிருந்தோ புங்கனூரிலிருந்தோ திருப்பதி விடுதிக்கு வரும் பதினைந்து வயது மாணவனுக்குக் கிடைப்பது என்னவோ பயிற்சி மட்டுமே.

இரண்டும் ஒன்றல்ல. பயிற்சியாளரின் இலக்கு தேர்வு. மதிப்பெண் வந்ததும் அவர் பணி முடிந்தது. வழிகாட்டியோ, அந்தத் தேர்வு இந்த மாணவனுக்கு ஏற்றதுதானா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார். தோற்றவனுக்கு அடுத்த வழி என்ன என்பதும் அவர் கவலைதான். பயிற்சியை அடியோடு குறை கூறுவதற்கில்லை. ஆங்கில வழிக் கல்வியோ படித்த பெற்றோரோ இல்லாத பிள்ளைகள் பலர் அதன் துணையால்தான் நுழைவுத் தேர்வைக் கடந்துள்ளனர்.

ஆனால், பயிற்சி மட்டுமே வாழ்க்கையாகிவிடும்போது விளைவு விபரீதமாகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்து கொண்டனர். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயிற்சி பெற்று வந்த 17 வயது மாணவி 2023-இல் உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தப் புள்ளிவிவரத்தைச் சுட்டிக்காட்டி 15 நெறிமுறைகளை வகுத்தது. உரிய சட்டம் இயற்றப்படும் வரை இவை நாடெங்கும் செல்லும்.

மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரிவு பிரிக்கலாகாது, பலர் முன்னிலையில் அவமதிக்கலாகாது என்பவை அவற்றில் சில. சிறு குழுக்களுக்குத் தனி வழிகாட்டியையோ ஆலோசகரையோ நியமிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 16 வயதுக்குக் குறைந்தோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்றன. ஜூனியர் கல்லூரி என்ற பெயர்ப் பலகைக்குள்ளேயே பயிற்சியும் நடைபெறும் ஆந்திரத்தில், எது கல்லூரி, எது மையம் என்று பிரிப்பது அவ்வளவு எளிதன்று. நீதிமன்ற நெறிமுறைகள் பள்ளி, கல்லூரி, மையம், விடுதி அனைத்துக்கும் பொருந்துவதால் அந்தச் சந்துக்கு வழியில்லை.

வழிகாட்டுதல் இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளியில் ஆசிரியர்களே விடுதி இல்லங்களில் மாணவர்களுடன் வசித்து, பெற்றோர் நிலையிலிருந்து கவனிக்கின்றனர். கட்டணம் வசூலிக்கும் அந்த உறைவிடப் பள்ளியின் முறையை ஆயிரக்கணக்கானோர் தங்கிப் பயிலும் விடுதிகளில் அப்படியே பின்பற்ற இயலாதுதான்.

சிறு குழு என்றால் எத்தனை பேர் என்பதை நெறிமுறைகள் எண்ணால் வரையறுக்கவில்லை. வழிகாட்டியின் துணை ரகசியம் காப்பதாக இருக்க வேண்டும் என்று மட்டும் அவை கூறுகின்றன. வாராந்திரத் தேர்வின் மதிப்பெண்ணைப் பெற்றோருக்கு அனுப்பும் அதே விரிவுரையாளரை வழிகாட்டியாகவும் அமர்த்தி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால், மாணவன் அவரிடம் எதைச் சொல்வான்?