திரையில்லாப் பெட்டியின் திரை

எமது இல்லத்து முன்னறையிலே, புத்தக அலுமாரிக்கும் சுவருக்குமிடையே, கரிய பெட்டியொன்று இருக்கின்றது. அதற்குத் திரையில்லை; விசைப்பலகையில்லை; சுட்டியுமில்லை. இரவும் பகலும் மெல்லென இரைந்துகொண்டிருப்பதொன்றே அஃது இயங்குகின்றது என்பதற்கு அடையாளம். எமது குடும்பத்தின் புகைப்படங்கள் ஏறக்குறைய 12,000 அதனுள்ளே அடங்கியிருக்கின்றன என்றால், வீட்டுக்கு வருவோர் எளிதில் நம்புவதில்லை.

இத்தகைய பெட்டியைச் சேமிப்புக் கணினி எனலாம். கடையிலே ஆயத்தமாகவும் வாங்கலாம். நாம் பழைய கணினியொன்றிலே இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவிக்கொண்டோம். ஒரு தட்டில் எழுதப்படுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதடையினும் மற்றது கைகொடுக்கும். வீட்டிலுள்ளோர் அனைவரும் தத்தம் கணினியிலிருந்தே அதனைப் பொது அலுமாரி போலத் திறந்து பயன்படுத்தலாம்.

படங்களைச் சேர்த்தல் எளிதாயிற்று. படங்களிலே இருப்போர் யாவர் என்பதை எழுதி வைத்தலே பெரும்பாடாயிற்று. எமது தாயாருக்கு வயது 78. பழைய கலியாணவீட்டுப் படங்களிலே மூன்றாம் வரிசையில் நிற்பவரையும் பெயர் சொல்லி அழைக்கத்தக்கவர் எம் உறவினருள் அவர் ஒருவரே. அவருடைய கண்ணொளியோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றது. இப்பணிக்கு வேண்டிய பொறுமை வாய்ந்தவள் எமது மகள். அவளோ பேராதனையிலே விடுதியில் தங்கிப் படிக்கின்றாள்.

படங்களை அவளுக்கு அனுப்பிவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு படம் 4 மெகாபைற் என்று கொண்டால், 12,000 படங்களும் 48 கிகாபைற் ஆகும். செக்கனுக்கு 5 மெகாபிற் வேகத்தில் வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைப்பிலே அவை போய்ச்சேர 21 மணித்தியாலத்துக்கு மேற்படும். இணைப்பு இடையில் அறுந்தாலோ, சொல்லவேண்டியதில்லை. அன்றியும், அங்கே ஒரு படி, இங்கே ஒரு படி என்றாகி, எது திருத்தியது எது திருத்தாதது என்ற மயக்கமும் வந்துசேரும்.

ஆகவே, படங்களை மகளிடம் அனுப்பாமல், மகளின் கையையும் கண்ணையும் படங்கள் இருக்குமிடத்துக்குக் கொண்டுவர எண்ணினோம். பெட்டிக்கு மெய்யான திரை இல்லாவிடினும், அதன் நினைவகத்துள்ளே பொய்த்திரையொன்றை அமைத்து, சாளரங்களும் படவுருக்களும் உள்ள மேசைத்தளத்தை அதிலே விரிக்கலாம். அத்திரையிற் தோன்றுவதைத் தூரத்திலுள்ள கணினி காட்டும். அங்கே சுட்டியை அசைத்தால் இங்கே அம்புக்குறி அசையும். வேலை யாவும் பெட்டியிலேயே நடைபெறும்.

இவ்வுபாயம் பிறந்த இடம் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரம். அங்கே ஒலிவெற்றி நிறுவனத்தார் நடாத்திய ஆராய்ச்சிசாலையிலே 1990ஆம் ஆண்டுகளில் வி.என்.சி. என்னும் முறை உருவாயிற்று. அதனை விளக்கும் கட்டுரை 1998இல் வெளிவந்தது. அக்கட்டுரையாசிரியர் நால்வருள் ஒருவரான குவென்ரின் ஸ்ராபோட்-பிறேசர் என்பார், 1991இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணினிக்கூடத்துக் கோப்பிப் பாத்திரத்தை ஒரு கமராவினால் எல்லோரும் தத்தம் மேசையிலிருந்தே பார்க்கும்படி செய்தவருள்ளும் ஒருவர்! கோப்பி தீர்ந்துவிட்டதா என்பதை எழுந்து நடவாமலே அறியவேண்டும் என்ற சோம்பலும் விஞ்ஞானத்துக்கு உதவுவதுண்டு போலும். ஆராய்ச்சிசாலை 2002இல் மூடப்பட்டது. ஆயினும் வி.என்.சி. மூலநிரல் முன்னரே யாவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டிருந்தமையால், அதன் வழித்தோன்றல்கள் பல இன்றும் வழங்குகின்றன. நாம் பயன்படுத்தும் ரைகர் வி.என்.சி. அவற்றுள் ஒன்று.

அதன் தந்திரம் மாணவர்கள் அறிந்து மகிழத்தக்கது. அகலம் 1,920 புள்ளி, உயரம் 1,080 புள்ளி கொண்ட ஒரு திரையிலே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒரு புள்ளிக்கு மூன்று பைற் என்றால், ஒருமுறை முழுத்திரையையும் அனுப்ப 6.2 மெகாபைற் வேண்டும். இதனைச் செக்கனுக்குப் பலமுறை அனுப்ப எந்தச் சாதாரண இணைப்பினாலும் ஆகாது. ஆதலால், திரையிலே மாறிய நீள்சதுரங்களை மாத்திரமே பெட்டி அனுப்புகின்றது. ஒரு சாளரத்தை இழுத்து நகர்த்தினால், “அங்கிருந்த துண்டை இங்கே வைத்துக்கொள்” என்ற கட்டளையே போதுமானது. படம் மீண்டும் போகவேண்டியதில்லை. அதனினும் மேலான நுட்பம் ஒன்றுண்டு. தூரத்துக் கணினி கேட்டாலொழியப் பெட்டி புதிய படத்தை அனுப்பாது. இணைப்பு மெதுவானால் கேள்வியும் மெதுவாகும். இடையிலே நிகழ்ந்த மாற்றங்களின் இறுதி நிலை மட்டும் வந்துசேரும். இணைப்பு முற்றாக அறுந்தாலும் பெட்டியினுள்ளே வேலை குலையாது. மீண்டும் இணைந்ததும் அம்புக்குறி விட்ட இடத்திலேயே நிற்கும். நிழற்படம் பார்க்கவும் பெயர் எழுதவும் இம்முறை மிக வாய்ப்பானது. திரைப்படம் பார்க்க முயல்வோர் ஏமாறுவர்.

ஒரே திரையை இருவர் ஒரே வேளையிலே பார்க்கலாம் என்பதே எமக்குப் பெரும் பேறாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலே தாயாரை எமது கணினியின் முன்னே இருத்திப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவோம். அவர் சொல்லச் சொல்ல, தொலைபேசியிலே கேட்டுக்கொண்டு, பேராதனையிலிருந்து மகள் பெயர்களை எழுதுவாள். எழுத்துகள் எம் கண்முன்னே ஒவ்வொன்றாய்த் தோன்றும். தாயார் முதல் நாளிலே சற்று அஞ்சினார், பின்னர், “அப்பாச்சி, அடுத்த படம் போடட்டோ?” என்று கேட்குமுன்னே, “போடு பிள்ளை” என்பார்.

இங்கே எமது அறியாமையையும் சொல்லத்தான் வேண்டும். மகள் எங்கிருந்தும் நுழைய வசதியாக, ரூட்டரிலே 5901ஆம் இலக்க வாயிலை இணையத்தை நோக்கித் திறந்து விட்டிருந்தோம். கடவுச்சொல்லோ பதினான்கு எழுத்துகள் கொண்டது. அதனை எவர் கண்டுபிடிப்பார் என்று இறுமாந்திருந்தோம். பழைய வி.என்.சி. முறையிலே கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளே கணக்கிலெடுக்கப்படும் என்பதை நாம் படித்திருக்கவில்லை. எமது முதல் எட்டும் மகளின் பெயராகவே இருந்தன. இணையத்திலே வாயில் வாயிலாகத் தட்டித் திரியும் இயந்திரங்களுக்கு அஃது ஒரு பூட்டேயன்று.

ஓரிரவு பத்து மணிக்குப் பின் மகள் அழைத்தாள்.

“அப்பா, நீங்களோ இப்ப படங்களைத் திறக்கிறியள்?”

“இல்லைப் பிள்ளை, நான் கட்டிலிலை கிடக்கிறன்.”

“அப்ப ஆர் இந்த அம்புக்குறியை ஓட்டிறது?”

ஓடிச்சென்று பெட்டியின் இணைப்புக் கம்பியைப் பிடுங்கினோம். அதற்குள் முந்நூறு படங்களளவில் அழிக்கப்பட்டிருந்தன. இரட்டைத் தட்டு இருந்ததே என்பீர்களாயின், ஒன்றில் அழிவது மற்றதிலும் அக்கணமே அழியும். அது தட்டின் பழுதுக்கு மருந்தேயன்றிக் கையின் பிழைக்கு மருந்தன்று. எம்மைக் காத்தது மைத்துனர் வீட்டு அலுமாரியிலே பூட்டிவைத்திருந்த தனித் தட்டொன்று. ஆயினும் அதிலிருந்த படி மூன்று வாரம் பழையது. படங்கள் மீண்டன, அம்மூன்று வாரத்திலே எழுதிய பெயர்கள் மீளவில்லை. தாயாரிடம் மறுபடியும் கேட்டபோது, முன்னர் தயங்காமற் சொன்ன ஒரு முகத்தை உற்றுநோக்கி, “இது வட்டுக்கோட்டை மாமி... இல்லையோ, அவவின்ரை தங்கச்சியோ?” என்றார். முன்பு சொன்ன பெயர் எமக்கும் நினைவில்லை, மகளுக்கும் நினைவில்லை.

இப்பொழுது அவ்வாயில் மூடப்பட்டுவிட்டது. பெட்டியின் மேசைத்தளம் பெட்டிக்குள்ளிருந்து வரும் அழைப்பைத் தவிர வேறெதனையும் ஏற்காதவாறு அமைத்துள்ளோம். மகள் முதலில் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்கிய சுரங்கவழியாக உட்புகுந்து, அதன் வழியே திரையை அடைகின்றாள். பின்லாந்திலே, ஹெல்சிங்கி தொழினுட்பச் சர்வகலாசாலையின் வலைப்பின்னலிலே கடவுச்சொற்கள் திருடப்பட்டதையடுத்து, தாத்து யூலோனென் என்பார் 1995இல் ஆக்கிய முறை இது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, அவளுடைய கணினியில் மட்டுமே உள்ள திறவுகோற் கோப்பு ஒன்று வேண்டும். மைத்துனர் வீட்டுத் தட்டும் இப்போது வாரந்தோறும் வந்து போகின்றது.

சேமிப்புக் கணினியிலே மேசைத்தளம் எதற்கு, அது பண்டகசாலைக்குள்ளே தேநீர்க்கடை வைப்பது போலாகாதா என்று கேட்கும் வல்லுநர் பலர். அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. மென்பொருள் கூடக் கூடப் பழுதும் கூடும். நினைவகத்திலும் சில நூறு மெகாபைற் செலவாகும். கடையிலே வாங்கிய பெட்டியாயின், மேசைத்தளத்தை அதனுள்ளே தனியொரு மெய்நிகர்க் கணினியில் அடைத்து வைத்தல் நன்று. நாமோ ஞாயிறு மாலை மட்டும் அதனை எழுப்பி, வேலை முடிந்ததும் நிறுத்திவிடுகின்றோம். மின்வெட்டுக்கு அஞ்சி ஒரு யு.பி.எஸ்.ஸும் வைத்துள்ளோம், 2022 மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வரை 4,100 படங்களுக்குப் பெயர் எழுதியாயிற்று. அன்று கடைசியாக வந்த படத்திலே, வேலியோரம் சைக்கிளொன்றைப் பிடித்தபடி ஓர் இளம்பெண் நிற்கின்றாள். தாயார் நெடுநேரம் பார்த்தார். மகள் அங்கே காத்திருந்தாள். பெயருக்குரிய கட்டத்திலே கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. “விடு பிள்ளை, வாற கிழமை சொல்லுறன்” என்றார் தாயார்.