பட்டிமன்ற மேடைக்குப் பின்னால் ஒரு கஷாயக் கச்சேரி!

முன்னால் சீரியல் விளக்கு மின்னுகிறது, மைக்செட்காரர் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்க்கிறார். கோயில் கொடை பட்டிமன்றம் தொடங்க இன்னும் அரை மணி நேரம். நாம் அந்தப் பக்கம் போகவில்லை. வாங்க, பின்பக்கம்!

பேச்சாளர்கள் தங்கியிருக்கும் அறைக் கதவைத் திறந்ததுமே மிளகு வாசனை மூக்கைத் துளைக்கிறது. நேற்று ஒரு ஊர், நாளை இன்னொரு ஊர். ராத்தூக்கம் கிடையாது, போகுமிடமெல்லாம் கைகுலுக்கல், செல்ஃபி. சளிக்கிருமிக்குக் கொண்டாட்டம்தான்! ஆனால் இவர்கள் பையைத் திறந்து பாருங்கள்!

ஃபிளாஸ்கில் சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப்போட்டுப் பனங்கற்கண்டு சேர்த்த கஷாயம். சின்ன டப்பாவில் சித்தரத்தை. ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கினால் போதும், காரத்தில் எச்சில் ஊறி வறட்டு இருமல் அடங்கும். பக்கத்தில் தித்திக்கும் அதிமதுரம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடுவதில்லை, அது அழுத்தத்தைக் கூட்டிவிடும். அதோ, ஆடாதோடை மணப்பாகு! இன்றைய இருமல் மருந்துகளில் இருக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையின் வாசிசின் என்ற சத்தை அடிப்படையாக வைத்து உருவானதுதான்.

இனி வருவதுதான் பெரிய ரகசியம். விழுங்குகிற எதுவும் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை! எல்லாம் உணவுக்குழாய் வழியே போய்விடும். கஷாயம் தொண்டைக் கரகரப்பை ஆற்றும், அவ்வளவுதான். பேசும்போது ஆண் குரலில் நொடிக்கு 100 தடவைக்கு மேல், பெண் குரலில் 200 தடவையளவு அதிரும் அந்த நாண்களுக்கு வேண்டியது ஈரம். அதை நேரே கொண்டுசேர்ப்பது ஆவி. அதனால்தான் மூலையில் ஒருவர் போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறார். நாள் முழுக்கக் குடிக்கும் வெந்நீர் உள்ளிருந்து ஈரம் கொடுக்கும்.

அடுத்த அதிசயம், அறையில் பேச்சே இல்லை! மேடையில் அனல் பறக்க மோதப்போகும் இரு அணித்தலைவர்களும் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிச் சிரிக்கிறார்கள். கிசுகிசுப்பதும் கூடாது, செருமுவதும் கூடாது. இரண்டுமே நாண்களைப் படுத்தும். செருமத் தோன்றினால் ஒரு மடக்கு வெந்நீர். கம்மல் 3 வாரம் தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓட்டம்.

விழாக் குழுவினரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள்! பேச்சாளர் வந்து இறங்கியதும் ஐஸ் போட்ட சோடாவை நீட்டாதீர்கள். சூடாக ஒரு குடம் வெந்நீர் வையுங்கள், அரை மணி நேரம் யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை அவர் குரல் பார்த்துக்கொள்ளும்!